குதிகால் மெஷினா, டெக்ஸாவா, ஒன்றுமே வேண்டாமா?

போன சித்திரையில் எங்கள் குடியிருப்பில் இலவச எலும்பு அடர்த்தி முகாம் நடந்தது. ஷாமியானாவுக்குக் கீழே நாலு பிளாஸ்டிக் நாற்காலி, மேசைமேல் ஒரு மெஷின், பக்கத்தில் கால்சியம் டப்பாக்கள் அடுக்கிய அட்டைப்பெட்டி. குதிகாலில் ஜெல் தடவிக் காலை மெஷினுக்குள் வைத்தால் கொஞ்ச நேரத்தில் சீட்டு வந்துவிடும். நான், அக்கா, அம்மா மூன்று பேரும் காலைக் கொடுத்தோம். எனக்கு வயது 44. சீட்டில் மைனஸ் 1.6, மஞ்சள் கட்டம். அம்மாவுக்கு 68, மைனஸ் 1.8, அவளுக்கும் மஞ்சள். அக்காவுக்கு 49, மைனஸ் 0.7, பச்சை. மஞ்சள் வந்தவர்கள் ஆளுக்கொரு டப்பா வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள், முகாம் சலுகை விலையில். அக்கா அந்தப் பச்சைச் சீட்டை வைத்துக்கொண்டு இரண்டு நாள் அலட்டினாள்.

அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஏன்டி, குதிகாலப் பாத்து இடுப்பு எலும்பு எப்படி இருக்குன்னு எப்படிச் சொல்லுவாங்க?"

அவள் இடுப்பைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. பாட்டி, அதாவது அம்மாவைப் பெற்றவள், குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்து, ஏழு மாதம் படுக்கையிலேயே கிடந்து போய்ச் சேர்ந்தாள். அந்த ஏழு மாதமும் பக்கத்தில் இருந்து பார்த்தது அம்மாதான்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் நான் தேடிப் படித்ததையும், டாக்டர்களிடம் கேட்டதையும், இரண்டு டெக்ஸா (எக்ஸ்ரே கதிரால் எலும்பு அடர்த்தியை அளக்கும் ஸ்கேன்) ரிப்போர்ட்டுகளை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொண்டதையும் எழுதுகிறேன். எது உசத்தியான டெஸ்ட் என்று மட்டும் கேட்டால் டெக்ஸாதான். அதில் பெரிய சண்டை எதுவும் இல்லை. யாருக்கு எடுக்கிறோம், ரிசல்ட் வந்தால் என்ன செய்யப்போகிறோம் என்று யோசிக்காமல் எடுப்பதில்தான் காசு போகிறது, சில சமயம் காலமும் போகிறது. எங்கள் வீட்டு மூன்று சீட்டும் தலைகீழ். மஞ்சள் வந்த எனக்கு எந்த டெஸ்ட்டும் தேவையில்லை. பச்சை வந்த அக்காவை என்றைக்கோ டெக்ஸாவுக்கு அனுப்பியிருக்க வேண்டும். அம்மாவோ டெஸ்ட் என்ற கட்டத்தையே தாண்டி நின்றாள்.

அதற்குப் போகும் முன் ஒரு வார்த்தைக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மூட்டு வலித்தாலும் நாம் "தேய்மானம்" என்கிறோம், எலும்பு மெலிந்தாலும் "தேய்மானம்" என்கிறோம். இரண்டும் வேறு வேறு. முழங்காலில் தேய்வது எலும்புகளுக்கு நடுவிலிருக்கும் குருத்தெலும்பு. அது வலிக்கும், நடக்க விடாது, எக்ஸ்ரேயில் தெரியும். எலும்புக்குள் இருக்கும் சட்டம் மெலிந்து சல்லடையாகிப் போவது எலும்புப்புரை, ஆஸ்டியோபோரோசிஸ். அது ஒடியும் வரைக்கும் வலிக்காது. அம்மா பத்து வருஷமாக "எனக்குத்தான் தேய்மானம்னு எக்ஸ்ரே பாத்துச் சொல்லிட்டாங்களே" என்று முழங்கால் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் படத்துக்கும் அவளுடைய எலும்பு அடர்த்திக்கும் சம்பந்தமே இல்லை. சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பு மெலிந்தது தெரிய வேண்டுமானால் ஏறக்குறைய 30 சதவீதம் கரைந்திருக்க வேண்டும் என்கிறார்கள். ஆகவே அடர்த்தி பார்க்க எக்ஸ்ரே என்ற பேச்சே வேண்டாம். எக்ஸ்ரேக்கு வேறொரு நல்ல உபயோகம் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

குதிகால் மெஷின்

இது அல்ட்ராசவுண்ட். குதிகால் எலும்பு வழியாக ஒலியை அனுப்பி, எவ்வளவு வேகமாகப் போகிறது, எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்க்கிறது. கதிர்வீச்சு கிடையாது, தூக்கிக்கொண்டு எங்கேயும் போகலாம், செலவு குறைவு. இதை ஏமாற்று வேலை என்று சொல்லமாட்டேன். குதிகால் எலும்பும் முதுகெலும்பைப் போலப் பஞ்சுக் கூடு மாதிரியான எலும்புதான். வயதான பெண்களில் இந்த அளவு குறைவாக இருப்பவர்களுக்கு எலும்பு முறிவு அதிகம் வருகிறது என்பதும் ஆய்வுகளில் நிரூபணமானதுதான்.

தகராறு சீட்டில் அச்சாகும் "டி-ஸ்கோர்" என்ற பெயரில் இருக்கிறது. மைனஸ் 1 வரை சரி, மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் நடுவே என்றால் ஆஸ்டியோபீனியா (அடர்த்தி கொஞ்சம் குறைவு), மைனஸ் 2.5-லும் அதற்குக் கீழும் என்றால் ஆஸ்டியோபோரோசிஸ் என்ற கோடுகளை உலக சுகாதார நிறுவனம் 1994-இல் போட்டது. எக்ஸ்ரே கதிரால் அளக்கப்படும் அடர்த்திக்காகப் போட்ட கோடுகள் அவை. குதிகால் மெஷின் அளப்பது வேறு, ஆனால் அதே பெயரில் அதே மாதிரி எண்ணை அச்சடிக்கிறது. வேறு கம்பெனி மெஷினில் வைத்தால் வேறு எண் வரும். காலைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாலே மாறும். இதை வைத்து நோய் இருக்கிறது, இல்லை என்று முடிவு கட்டவும் முடியாது. மருந்து வேலை செய்கிறதா என்று அடுத்த வருஷம் ஒப்பிட்டுப் பார்க்கவும் முடியாது.

என் விஷயத்தில் இன்னொரு கூத்தும் நடந்தது. டி-ஸ்கோர் என்பது நம் எலும்பை இருபதுகளில் இருக்கும் ஒரு பெண்ணின் எலும்போடு ஒப்பிடுவது. மாதவிடாய் நிற்காத பெண்களுக்கும் 50 வயதுக்குக் குறைந்த ஆண்களுக்கும் அதைப் பார்க்கவே கூடாது. அவரவர் வயதுக்காரர்களோடு ஒப்பிடும் இசட்-ஸ்கோர்தான் பார்க்க வேண்டும். அது மைனஸ் 2-ஐத் தொட்டால்தான் வயதுக்குக் குறைவு என்று பேச்சு வரும். எனக்கு இன்னும் மாதவிடாய் நிற்கவில்லை, எதுவும் ஒடிந்ததில்லை, ஸ்டீராய்டு மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை. என் மஞ்சள் கட்டத்துக்கு அர்த்தமே கிடையாது. டப்பா மட்டும் வாங்கிவிட்டேன்.

டெக்ஸாவுக்குப் போக மூன்று மணி நேரம் பஸ்ஸில் உட்கார வேண்டிய ஊரில், விவரம் தெரிந்த ஒரு நர்ஸ் நாலு கேள்வியும் கேட்டுக்கொண்டு, "இவங்களை மேலே அனுப்பலாமா" என்று சலித்தெடுக்க மட்டும் இந்த மெஷினைப் பயன்படுத்தினால் நல்லதே. கால்சியம் அட்டைப்பெட்டிக்குப் பக்கத்து மேசையில் வைத்தால் அது விற்பனைக் கருவி.

பேனாவும் காகிதமும்

மெஷின் எதுவும் தொடாமலே ஒரு கணக்குப் போடலாம். எடையில் (கிலோவில்) வயதைக் கழியுங்கள், வருவதை 0.2-ஆல் பெருக்குங்கள். மைனஸ் 4-க்குக் கீழே போனால் ஆபத்து அதிகம். மைனஸ் 1-க்கு மேலே இருந்தால் குறைவு. நடுவில் இருந்தால் நடுத்தரம். ஓஸ்டா என்று பெயர். எட்டு ஆசிய நாடுகளில் மாதவிடாய் நின்ற பெண்களை வைத்து 2001-இல் உருவாக்கினார்கள். அந்த எட்டு நாடுகளில் இந்தியா இல்லை, இருந்தாலும் ஒல்லியான வயதான பெண்களைப் பிடிப்பதில் கெட்டி. அம்மா 46 கிலோ, 68 வயது: மைனஸ் 22, பெருக்கினால் மைனஸ் 4.4. ஒரு நிமிடக் கணக்கு, மஞ்சள் சீட்டைவிட உருப்படியாகப் பேசியது. ஆனால் அக்கா 61 கிலோ, 49 வயது: பிளஸ் 2.4, கவலையே இல்லை என்கிறது. அக்காவைக் கோட்டைவிட்டது. ஏனென்றால் இந்தக் கணக்குக்கு எடையும் வயதும் தவிர எதுவுமே தெரியாது.

அதைவிடத் தெளிவானது ஃப்ராக்ஸ். இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் 2008-இல் வெளியிட்ட இலவச இணையக் கணக்கு. 40 முதல் 90 வயது வரை உள்ளவர்களுக்கு. நாடுகள் பட்டியலில் இந்தியாவும் இலங்கையும் உண்டு. எடை, உயரம், முன்பு ஏதாவது ஒடிந்ததா, அப்பா அம்மாவுக்கு இடுப்பு ஒடிந்ததா, புகை, மது, ஸ்டீராய்டு, முடக்குவாதம் (ருமட்டாய்டு மூட்டு நோய்) என்று கேட்டுவிட்டு, அடுத்த பத்து வருஷத்தில் எலும்பு முறியும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று சொல்லும். டெக்ஸா எண் கையில் இருந்தால் போடலாம், இல்லாவிட்டாலும் கணக்கு வரும். அமெரிக்காவில், ஆஸ்டியோபீனியா உள்ளவர்களுக்கு இடுப்புக்கு 3 சதவீதம், பெரிய முறிவுகள் மொத்தத்துக்கு 20 சதவீதம் என்ற அளவைத் தாண்டினால் மருந்து பற்றிப் பேசுகிறார்கள்.

இதற்கும் ஓட்டைகள் உண்டு. எத்தனை தடவை விழுந்தீர்கள் என்று கேட்காது. நம் வீடுகளில் ஆளுக்கு ஆள் இருக்கும் சர்க்கரை நோயைக் கணக்கில் எடுக்காது. டைப் 2 சர்க்கரைக்காரர்களின் எலும்பு அடர்த்தி நன்றாகவே தெரியும், ஆனாலும் ஒடியும்; டெக்ஸாவும் அவர்களிடம் கொஞ்சம் பொய் சொல்லும். அதனால் சில டாக்டர்கள் அவர்களுக்கு முடக்குவாதக் கேள்விக்கு "ஆம்" என்று போட்டு ஈடுகட்டுகிறார்கள்.

அம்மாவுக்குப் போட உட்கார்ந்தபோதுதான் "முன்பு எலும்பு முறிந்ததா" என்ற கேள்வியில் கை நின்றது. இரண்டு வருஷத்துக்கு முன் முற்றத்தில் கோலம் போட்டுவிட்டு எழுந்திருக்கும்போது சாய்ந்து கையை ஊன்றினாள். மணிக்கட்டு வீங்கியது. மூங்கில் சிம்பு வைத்து எண்ணெய்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தாள், ஒரு மாதத்தில் சரியாகிவிட்டது. எக்ஸ்ரே இல்லை, சீட்டு இல்லை. "அது சும்மா பிசகினதுடி" என்று இன்றைக்கும் சொல்கிறாள். நின்ற உயரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு ஒடிந்தால் அது கையின் கதை என்று நினைக்கிறோம், எலும்பு முழுவதும் தன்னைப் பற்றிச் சொல்லும் கதை அது. வீட்டில் யாரும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை, நானும்தான். டாக்டர் பிறகு எடுத்த எக்ஸ்ரேயில் பழைய முறிவு கூடிய தடம் தெரிந்தது. அதையும் பாட்டியின் இடுப்பையும் சேர்த்துப் போட்டபோது, எந்த மெஷினும் தொடாமலே இடுப்புக்கான எண் 3-ஐத் தாண்டிப் போய் நின்றது.

டெக்ஸா

பெரும்பாலானவர்கள் இதை எம்.ஆர்.ஐ. மாதிரி நினைத்துப் பயப்படுகிறார்கள். குகை எதுவும் இல்லை. திறந்த மேசையில் மல்லாக்கப் படுக்க வேண்டும். மேலே ஒரு கை மாதிரி நகர்ந்து போகும். முதுகெலும்பு எடுக்கும்போது முழங்காலுக்குக் கீழே ஒரு பெரிய ஸ்பாஞ்சுக் கட்டையைக் கொடுப்பார்கள். இடுப்பு எடுக்கும்போது பாதத்தை உள்பக்கமாகத் திருப்பிக் கட்டுவார்கள். பத்துப் பதினைந்து நிமிடம். இரண்டு விதமான எக்ஸ்ரே கதிர்களை அனுப்பி, சதையின் பங்கைக் கழித்துவிட்டு எலும்பின் பங்கை மட்டும் எடுக்கிறது. கதிர்வீச்சு மிகச் சொற்பம். சும்மா உட்கார்ந்திருந்தாலே ஒன்றிரண்டு நாளில் இயற்கையாக நமக்குக் கிடைக்கும் அளவுக்குப் பக்கம். கர்ப்பமாக இருந்தால் மட்டும் வேண்டாம். முதல் நாள் கால்சியம் மாத்திரையை நிறுத்திவிட வேண்டும், ஏனென்றால் கரையாத மாத்திரை வயிற்றில் இருந்தால் படத்தில் எலும்பு மாதிரி விழும். சேலையில் குத்திய ஊக்கு, கொக்கி எல்லாம் கழற்ற வேண்டும்.

திருச்சியில் நான் விசாரித்த மூன்று இடங்களில் 1,800, 2,500, 3,600 என்று மூன்று விலை சொன்னார்கள். விலையைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது, "முதுகெலும்பு, இடுப்பு இரண்டும் எடுப்பீங்களா?" என்பதுதான். ஒரு இடத்தில் மணிக்கட்டு மட்டும் பார்க்கும் சின்ன மெஷினையும் "டெக்ஸா" என்றே சொன்னார்கள். நாற்காலியில் உட்காரவைத்துக் கையையோ காலையோ மட்டும் நீட்டச் சொன்னால், நீங்கள் தேடி வந்தது அதுவல்ல. முன்கை எடுப்பதற்கும் நியாயமான சந்தர்ப்பங்கள் உண்டு: இரண்டு இடுப்பிலும் ராடு வைத்தவர்கள், மேசை தாங்காத எடை, பாராதைராய்டு கோளாறு. அப்படி எதுவும் இல்லாமல் முன்கை மட்டும் போதும் என்றால் வேறு இடம் பாருங்கள்.

இப்போது அம்மாவின் ரிப்போர்ட். முதல் பக்கத்தில் முதுகெலும்பு, மொத்தமாக மைனஸ் 1.4, ஆஸ்டியோபீனியா. அதைப் பார்த்துவிட்டு நான் நிம்மதியாகக் காபி குடித்தேன். டாக்டர் அந்த மொத்தத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. கீழே இருந்த சின்னப் பட்டியலில் விரலை வைத்தார். இடுப்புப் பகுதி முதுகெலும்பின் முதல் கண்ணி மைனஸ் 2.3, இரண்டாவது மைனஸ் 2.1, மூன்றாவது மைனஸ் 0.9, நாலாவது மைனஸ் 0.4. "ஒரே முதுகுல மேல ரெண்டு கிழவி, கீழ ரெண்டு குமரியா இருக்க முடியுமா?" என்றார். கீழ்க் கண்ணிகளில் வயதால் வளர்ந்த எலும்பு முள், அதையும் சேர்த்து மெஷின் எண்ணிவிட்டது. முள்ளும், ரத்தக்குழாயில் படிந்த சுண்ணாம்பும், நசுங்கிப்போன கண்ணியும் எல்லாமே எண்ணை நல்லதாகக் காட்டும். கெட்டுப்போன கண்ணிகளைத் தள்ளிவிட்டு மேல் இரண்டை மட்டும் எடுத்தால் மைனஸ் 2.2. அடுத்த பக்கத்தில் இடுப்பு, அங்கே தொடை எலும்பின் கழுத்து மைனஸ் 2.8. எல்லா இடத்திலும் எது மிகக் குறைவோ அதுதான் தீர்ப்பு. அம்மாவுக்கு ஆஸ்டியோபோரோசிஸ்.

அறுபத்தைந்து தாண்டிய நம் ஊர்ப் பெண்களுக்கு முதுகெலும்பு எண்ணை மட்டும் வைத்து நிம்மதி அடையாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

இன்னொரு நுணுக்கம். டெக்ஸா எலும்பின் கன அளவைப் பார்ப்பதில்லை. எலும்பிலுள்ள தாதுவை அதன் நிழலின் பரப்பால் வகுத்துத்தான் எண் சொல்கிறது. சின்னக் கூடுள்ள ஆளுக்கு எண் கொஞ்சம் குறைவாகவே விழும். ஒப்பிடும் "இளம்பெண்" பெரும்பாலும் அமெரிக்க வெள்ளைக்காரப் பெண். நம் மக்களுக்கென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2010-இல் தனி அளவுகள் வெளியிட்டிருக்கிறது. அதை வைத்துப் பார்த்தால் சிலர் ஒரு கட்டம் மேலே ஏறிவிடுவார்கள். ரிப்போர்ட்டின் ஓரத்தில் எந்த அளவோடு ஒப்பிட்டது என்று பொடி எழுத்தில் இருக்கும். எல்லைக்கோட்டில் நிற்பவர்கள் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. அம்மா எல்லைக்கோட்டில் இல்லை.

ஊறுகாய் ஜாடி

எங்கள் சமையலறையில் மேல் தட்டில் ஊறுகாய் ஜாடி இருக்கும். அம்மா கையை நீட்டி எடுப்பாள். நாலைந்து வருஷமாக ஒரு முக்காலி போட்டு ஏறி எடுக்கிறாள். அதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. டாக்டர் உயரம் கேட்டபோது, பழைய இன்சூரன்ஸ் மெடிக்கல் ரிப்போர்ட்டைத் தேடி எடுத்தேன், 153 சென்டிமீட்டர். இப்போது அளந்தால் 148. நாலு சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தால் முதுகெலும்புக் கண்ணி எங்கோ நசுங்கியிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும் என்றார். அதே டெக்ஸா மேசையில் பக்கவாட்டுப் படம் எடுக்கலாம், கூடுதலாக எண்ணூறு ரூபாய் ஆனது. மார்பு முதுகெலும்பின் பன்னிரண்டாவது கண்ணி முன்பக்கம் நசுங்கி ஆப்பு மாதிரி இருந்தது. "எப்ப விழுந்தீங்கம்மா?" என்று கேட்டார். அம்மாவுக்குத் தெரியவில்லை. ஒரு மார்கழியில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கியபோது முதுகு பிடித்துக்கொண்டு பத்து நாள் தைலம் தேய்த்ததுதான் ஞாபகம். முதுகெலும்பு முறிவுகளில் மூன்றில் ஒன்றுதான் முறிவு என்று தெரிந்து வைத்தியத்துக்கு வருகிறதாம். மீதி எல்லாம் "வயசாச்சு, முதுகு வலி" கணக்கில் போகிறது.

ஒரு கண்ணி சாதாரண வேலையில் நசுங்கிவிட்டாலோ, லேசாக விழுந்து இடுப்பு ஒடிந்துவிட்டாலோ, டெக்ஸா எண் என்னவாக இருந்தாலும் அது ஆஸ்டியோபோரோசிஸ்தான். அதனால்தான் அம்மா டெஸ்ட் கட்டத்தைத் தாண்டிவிட்டாள் என்றேன். டெக்ஸா இல்லாத ஊரில் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயம். உயரம் குறைந்த, கூன் விழ ஆரம்பித்த வயதானவருக்கு முதுகின் பக்கவாட்டு எக்ஸ்ரே ஒன்று போதும். அது எந்த ஊர் அரசு மருத்துவமனையிலும் எடுக்கக்கூடியது. எக்ஸ்ரேயின் நல்ல உபயோகம் என்று சொன்னேனே, அது இதுதான். அடர்த்தியைச் சொல்லாது, ஆனால் முறிவைச் சொல்லும், முறிவு அடர்த்தியைவிடப் பெரிய சாட்சி. அப்படியிருந்தும் அம்மாவுக்கு டெக்ஸா எடுத்தது வீண் என்று நினைக்கவில்லை. மருந்து ஆரம்பிக்கும் முன் ஒரு தொடக்க எண் இருந்தால்தான் இரண்டு வருஷம் கழித்து ஒப்பிட முடியும்.

சி.டி. ஸ்கேனிலும் அடர்த்தி பார்க்கலாம். முள், சுண்ணாம்புத் தொல்லை இல்லாமல் கண்ணியின் உள்பகுதியை மட்டும் அளக்கும். கதிர்வீச்சு டெக்ஸாவைவிடப் பல மடங்கு. அதற்காகவே தனியாக எடுக்க வேண்டியதில்லை. கிட்னி கல்லுக்கோ வேறெதற்கோ ஏற்கெனவே வயிற்று சி.டி. எடுத்திருந்தால், முதுகெலும்பையும் பார்த்துச் சொல்லச் சொல்லிக் கேட்கலாம்.

ரத்தப் பரிசோதனை வேறு ஜாதி. முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜில் "எலும்பு" என்ற தலைப்பில் கால்சியம் நார்மல் என்று வந்தால் எலும்பு நார்மல் என்று அர்த்தமில்லை. இதயம் துடிக்கவும் தசை வேலை செய்யவும் ரத்தத்தில் கால்சியம் குறையவே விடாது உடம்பு; வீட்டு நகையை அடகு வைத்தாவது வெளியில் கௌரவம் காக்கும் குடும்பம் மாதிரி, எலும்பிலிருந்து உருவி ரத்தத்தைச் சரியாக வைத்திருக்கும். ரத்தப் பரிசோதனை அடர்த்தியைச் சொல்லாது, காரணத்தைச் சொல்லும். அம்மாவுக்கு வைட்டமின் டி வெறும் 11தான் இருந்தது. வெயில் கொளுத்தும் ஊரில் இருந்தும் இப்படித்தான். முற்றத்தில் கோலம் போடும் நேரத்தில் சூரியனே வந்திருக்காது. வைட்டமின் டி அடிமட்டத்தில் இருந்து, ஆல்கலைன் பாஸ்ஃபட்டேஸ் என்ற என்சைம் ஏறியிருந்தால் அது எலும்புப்புரையாக இல்லாமல் எலும்பு மென்மையாகும் ஆஸ்டியோமலேசியாவாகவும் இருக்கலாம். டெக்ஸாவில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், வைத்தியம் வேறு. ஆகவே மருந்து ஆரம்பிக்கும் முன் கால்சியம், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்ஃபட்டேஸ், வைட்டமின் டி, கிரியாட்டினின், தைராய்டு ஆகியவற்றுக்குச் செலவு செய்யலாம். அம்மாவுக்கு முதலில் வைட்டமின் டி-யை ஏற்றிவிட்டு, பிறகுதான் வருஷத்துக்கு ஒரு முறை போடும் சொலெட்ரோனிக் ஆசிட் டிரிப் போட்டார்கள். வாரம் ஒரு மாத்திரை வழியும் இருந்தது, ஆனால் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். நெஞ்செரிச்சல்காரி அம்மாவுக்கு அது ஒத்துவராது என்றார் டாக்டர். முதல் டிரிப்புக்கு மறுநாள் காய்ச்சல் வந்தது, இரண்டு நாளில் போய்விட்டது.

அக்காவின் பச்சைச் சீட்டு

அக்காவுக்கு 41 வயதில் கர்ப்பப்பை எடுத்தார்கள். கட்டி, ஓயாத ரத்தப்போக்கு. "சினைப்பையையும் எடுத்துட்டாங்களா?" என்று டாக்டர் கேட்டதற்கு அவளுக்குப் பதில் தெரியவில்லை. எட்டு வருஷமாகத் தெரியவில்லை. பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் இருந்த டிஸ்சார்ஜ் சம்மரியைத் தோண்டியெடுத்தோம். "டி.ஏ.எச். வித் பி.எஸ்.ஓ." என்று ஒரு வரி. பி.எஸ்.ஓ. என்றால் இரண்டு சினைப்பையும் போய்விட்டது. ஈஸ்ட்ரோஜன் அன்றோடு நின்றுவிட்டது, எலும்பைக் காவல் காத்த ஹார்மோன். நம் நாட்டில் மாதவிடாய் இயல்பாக நிற்பதே 46, 47 வாக்கில். அவளுக்கு அதற்கும் ஐந்தாறு வருஷம் முன்னால். அப்படி எடுத்தவர்களுக்கு, வேறு தடை இல்லாவிட்டால், இயல்பாக நிற்கும் வயது வரை ஹார்மோன் கொடுப்பது பற்றிப் பேசுவது வழக்கம். அந்தப் பேச்சு அவளிடம் நடக்கவே இல்லை.

வெளிநாட்டு வழிகாட்டிகள் பெண்களுக்கு 65 வயதிலிருந்து டெக்ஸா என்கின்றன. அதற்கு முன் என்றால் ஆபத்துக் காரணம் இருக்க வேண்டும். 45-க்கு முன் மாதவிடாய் நின்றதோ சினைப்பை எடுத்ததோ அப்படிப்பட்ட காரணம். கர்ப்பப்பை எடுத்த அக்கா, அத்தை, சித்தி உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். அந்த டிஸ்சார்ஜ் காகிதத்தை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.

அக்காவின் டெக்ஸாவில் முதுகெலும்பு மைனஸ் 2.1, இடுப்பு மைனஸ் 1.6. மருந்து இப்போது வேண்டாம்; நடை, எடை தூக்கும் பயிற்சி, சாப்பாட்டில் கால்சியம், இரண்டு வருஷத்தில் மறுபடி ஸ்கேன் என்று முடிவானது. அவள் வருஷா வருஷம் எடுக்கலாமா என்று கேட்டாள். ஒரு மெஷினின் இயல்பான ஆட்டமே சில சதவீதம் இருக்கும். முதுகெலும்பில் ஐந்து சதவீதத்துக்குக் குறைந்த மாற்றத்தை மாற்றம் என்றே பெரும்பாலும் எடுத்துக்கொள்ள முடியாது. எலும்பு அவ்வளவு வேகமாக நகராது. 67 வயது தாண்டிய பெண்களை வைத்து அமெரிக்காவில் 2012-இல் வெளியான ஆய்வில், மைனஸ் 1.5-க்கு மேலே இருந்தவர்களில் பத்தில் ஒருவர் ஆஸ்டியோபோரோசிஸுக்குப் போக ஏறக்குறைய 15 வருஷம் ஆனது, மைனஸ் 1.5-க்கும் 2-க்கும் நடுவே இருந்தவர்களுக்கு ஐந்து வருஷம். மைனஸ் 2-க்குக் கீழே இருந்தவர்களுக்கு ஒரு வருஷம்தான். ஆகவே நல்ல எண் வந்தவர்கள் வருஷா வருஷம் போவது மையத்துக்கு மட்டும் லாபம்.

மறுபடி எடுக்கும்போது அதே இடம், அதே மெஷின். ஹோலாஜிக் மெஷின் எண்ணையும் ஜி.இ. லூனார் மெஷின் எண்ணையும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிடக் கூடாது. அக்கா ஃபைல் அட்டையின் பின்பக்கத்தில் மையத்தின் பெயர், மெஷின் பெயர், எந்தப் பக்க இடுப்பு என்று மூன்றையும் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிவைத்திருக்கிறாள்.

எங்கள் வீட்டில் இன்னும் ஒருவர் பாக்கி, அம்மாவின் தம்பி. துறையூரில் இருக்கிறார், 63 வயது. மூச்சுத் தொல்லைக்கு நாலு வருஷமாக தினமும் பிரெட்னிசலோன் 10 மில்லிகிராம் சாப்பிடுகிறார். 5 மில்லிகிராம், மூன்று மாதம் என்பதே எலும்பைக் கரைக்கப் போதும். இன்ஹேலர் மட்டும் என்றால் இந்த அளவு கவலை இல்லை, மாத்திரைதான் வில்லன். ஆண்களுக்குப் பொதுவாக 70 வயதிலிருந்து என்றாலும் இவரை மாதிரி ஆட்கள் காத்திருக்கக் கூடாது. எங்கள் குடும்பத்தில் டெக்ஸா அவசரமாகத் தேவைப்பட்ட ஆள் முகாமுக்கே வரவில்லை. "ஆம்பளைக்கு எதுக்கும்மா இதெல்லாம், அது பொம்பளைங்க வியாதி" என்று ஆறு மாதம் இழுத்தார். பாட்டி கதையை அம்மா எடுத்ததும் ஒரு வழியாக ஒத்துக்கொண்டார். போன வாரம் மறுபடி போன். மேசையில் படுக்கும்போது வெள்ளி அரைஞாணைக் கழற்றச் சொல்வார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம், சின்ன வயதிலிருந்து ஒரு நாள்கூடக் கழற்றியதில்லையாம். முதுகெலும்புக்கு மேலே வெள்ளி கிடந்தால் அதையும் எலும்பென்று எண்ணிவிடும் மாமா, கழற்றித்தான் ஆகணும் என்றேன். கறுப்புக் கயிறு ஒன்று வாங்கி அன்றைக்கு மட்டும் கட்டிக்கொள்கிறேன் என்றிருக்கிறார். வியாழக்கிழமை காலை பத்தரைக்கு நேரம் வாங்கியிருக்கிறோம்.